சிரைவழித் திரவம் ஏற்றுதலில் நேரும் பிழைகள்

மருத்துவமனை நோயாளிக்கு உப்பு, சர்க்கரைக் கரைசல்களைச் சிரை வழியே செலுத்தும்போது வகையிலோ அளவிலோ வேகத்திலோ நேரும் தவறுகள். 'டிரிப்ஸ் போடுவது', 'குளுக்கோஸ் ஏற்றுவது' என்று வழங்கும் இச்சிகிச்சை எளிதாகத் தோன்றுவதால், மருந்துக்குரிய கவனம் இதற்குக் கிடைப்பதில்லை.

இதன் தொடக்கம் காலராவில் இருக்கிறது. காலரா நோயாளிகளின் இரத்தம் நீரையும் உப்பையும் இழந்துவிடுகிறது என்பதை வில்லியம் ஓஷாக்னசி என்னும் மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். அவர் எழுதியதைப் படித்த லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, 1832-இல் சாகும் தறுவாயில் இருந்த மூதாட்டி ஒருவருக்கு அரை மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்று லிட்டர் உப்புக் கரைசலை ஏற்றினார். நாடி திரும்பியது, முகம் தெளிந்தது. நோயாளியை வேறொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு லாட்டா ஓய்வெடுக்கப் போனார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. சில மணி நேரத்தில் அப்பெண் இறந்தார். திரவத்தை மறுபடி ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்பது லாட்டாவின் கருத்து. தொடரும் இழப்பை ஈடு செய்யாமல் விடும் இந்தப் பிழை இச்சிகிச்சையோடு கூடவே பிறந்தது எனலாம்.

அடுத்தது வகைப் பிழை. குழந்தைகளின் அன்றாடத் திரவத் தேவையை எடைப்படி கணக்கிடும் முறையை ஹாலிடே, செகர் என்னும் மருத்துவர்கள் 1957-இல் வகுத்தனர். அதையொட்டி உப்புக் குறைந்த கரைசல்கள் வழக்கத்துக்கு வந்தன. நோயுற்ற உடலோ, அறுவைக்குள்ளான உடலோ நீரை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். அந்நிலையில் இக்கரைசல்கள் இரத்தச் சோடியத்தைக் குறைத்து மூளை வீக்கத்தை உண்டாக்கின. வடக்கு அயர்லாந்தில் இவ்வாறு நேர்ந்த குழந்தை இறப்புகளை ஆராய்ந்த விசாரணையின் அறிக்கை 2018-இல் வெளியானது. 5 விழுக்காடு குளுக்கோஸ் கரைசலிலும் இதே ஆபத்து உள்ளது. சர்க்கரையை உடல் எரித்தபின் எஞ்சுவது வெறும் தண்ணீர்தான். நார்மல் சலைன் என்னும் உப்புக் கரைசலை மிகுதியாக ஏற்றினால் குளோரைடு கூடி இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. ஆகவே அதிக அளவு தேவைப்படும் இடத்தில் பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் கரைசல் தகுந்தது.

அளவு மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். முதியோரும் இதய, சிறுநீரக நோயாளிகளும் இதற்கு எளிதில் ஆளாவர். ஆப்பிரிக்காவில் கடும் தொற்றுடன் வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் (2011), விரைந்து திரவம் ஏற்றப்பட்டோரே அதிகம் இறந்தனர். அதுவரை உயிர்காப்பு என்று நம்பப்பட்ட முறை அது.

திரவத்தில் கலந்து கொடுக்க வேண்டிய பொட்டாசியம் குளோரைடை நீர்த்துப்போகச் செய்யாமல் நேராகச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சொட்டுக் கணக்கும் தவறுவதுண்டு: மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் ஒரு லிட்டரை 8 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 42 சொட்டு வேண்டும், 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டிலோ 125.

இன்று மின்விசைப் பம்புகள் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஆயினும் நோயாளியின் எடை, முந்தைய நாளின் திரவ வரவு-செலவு, சோடியம், பொட்டாசியம் அளவுகள் ஆகியவற்றைப் பாராமல் நேற்றைய சீட்டையே மீண்டும் எழுதும் பழக்கம் பம்பினால் திருந்தாது.