கையொப்பம் தடுத்த பயணம்

ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே, மேக்கன் நகரில், எலன், வில்லியம் கிராப்ட் தம்பதியர் வெவ்வேறு எசமானர்களின் அடிமைகளாய் இருந்தனர். தமக்குப் பிறக்கும் பிள்ளையும் விற்கப்படுமே என்ற அச்சம் அவர்களது காதல் வாழ்வை வாட்டியது. 1848 டிசெம்பரில் தப்பிச்செல்லத் திட்டமிட்டனர்.

வெண்ணிறத் தோற்றமுடைய எலன் நோயுற்ற வெள்ளைக்காரக் கனவானாக நடிப்பார். வில்லியம் அவரது பணியாளாக உடன்செல்வார். காற்சட்டையை எலனே தைத்தார். கூந்தலைக் கத்தரித்து, பச்சைக் கண்ணாடி அணிந்தார். ஆயினும் ஒரு தடை எஞ்சியது. விடுதிகளில் கையொப்பமிடவேண்டும், எலனுக்கோ எழுதத் தெரியாது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை ஜோர்ஜியாவின் சட்டம் தடைசெய்திருந்தது. வலக்கையைக் கட்டித் தொங்கவிடும் உபாயத்தை எலனே கண்டார்.

21ஆந் திகதி புகையிரதம் ஏறினர். பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தவர் எலனை முன்பே அறிந்தவர்! எலன் காது கேளாதவர்போல் நடித்துத் தப்பினார். சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் கையொப்பமின்றி அனுமதிக்க அதிகாரி மறுத்தார். கப்பல் தலைவரே பெயரைப் பதிந்து உதவினார். நத்தார் தினத்தன்று காலை பிலடெல்பியாவை அடைந்தனர். யோசனை பிறந்து எட்டே நாட்கள்!

அங்கு சில வாரங்களிலேயே தம் பெயரை எழுதக் கற்றனர். பின்னர் இங்கிலாந்தின் ஒக்கம் பாடசாலையிற் பயின்றனர். அடிமைமுறை ஒழிந்தபின் ஜோர்ஜியா திரும்பி, விடுதலைபெற்றோரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தனர்.

தன் பெயரைத் தானே எழுத முடியாமையே எலனின் பெரும் ஆபத்தாயிருந்தது. பாடசாலையொன்றின் நூறாண்டைக் கொண்டாடும் நாம் இதனை நினைவிற்கொள்வது தகும்.