நடைக்கூடத்தில் ஓர் அரங்கேற்றம்

கணிப்பொறியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பொறியின் வேகத்தையும் நினைவகத்தின் கொள்ளளவையுமே அளந்து கூறுவர். அப்பொறியின் முன் வந்து நின்ற மனிதர் எதைக் கண்டார், எதைக் கேட்டார், எவ்விடத்தில் திகைத்து நின்றார் என்பது அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகவே ஒதுங்கிவிடுகின்றது. பொறியும் மனிதரும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் அந்த எல்லைக்கே 'இடைமுகம்' என்று பெயர். அதனை ஒரே மூச்சில் வடித்துவிடலாம் என்று நம்பிய காலம் ஒன்றிருந்தது. அந்நம்பிக்கையை அசைத்த முயற்சிகளுள் 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தேறியது தலையாயது எனலாம்.

அவ்வாண்டு சூலை 28 முதல் ஆகஸ்டு 12 வரை நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் 140 நாடுகளின் வீரர்கள் பங்கேற்றனர். 1972இல் மியூனிக் நகரில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின்னர் வீரர் குடியிருப்புகளின் காவல் மிகக் கடுமையாகியிருந்தது. உற்றாரும் நண்பரும் எளிதில் உள்ளே சென்று காண இயலாது. வெளியிலிருந்து தொலைபேசியில் அழைத்தாலோ, வீரர் பயிற்சியிலோ உறக்கத்திலோ இருப்பார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாய்க்கும் போட்டிக்கு முந்தைய இரவில் வீட்டார் குரலைக் கேட்க முடியாமற் போவது சிறு இழப்பன்று.

இக்குறையைப் போக்க ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் சிறு குழுவொன்று ஒலிம்பிக் செய்தி அமைப்பு ஒன்றை உருவாக்கியது. ஜான் கூல்ட், ஸ்டீபன் பாய்ஸ் ஆகியோர் அதில் முதன்மையானவர்கள். அழைப்பவரின் குரலையே கணிப்பொறி பதிந்து வைத்துக்கொள்ளும். வீரர் தமக்கு ஓய்வு கிடைக்கும்போது குடியிருப்பில் உள்ள செய்திக்கூண்டுக்குச் சென்று, நாட்டைக் குறிக்கும் மூன்றெழுத்துகளையும் தம் குடும்பப் பெயரையும் கடவுச்சொல்லையும் தொலைபேசிப் பொத்தான்களில் அழுத்தினால் அக்குரலைக் கேட்கலாம், மறுமொழியும் விடுக்கலாம். பொறி தரும் வழிகாட்டுரைகள் 12 மொழிகளில் அமைந்தன. எழுத்தை நீக்கிக் குரலைக் கொண்டதனால், எந்த மொழியினரும் தத்தம் மொழியிலேயே உற்றாரிடம் பேச வழி பிறந்தது.

கூல்டுக்கு இதில் முன்னனுபவம் இருந்தது. பேசுவதைக் கேட்டுத் தானே எழுத்தாக்கும் பொறி வருமாயின் மக்கள் அதனை எவ்வாறு பயன்படுத்துவர் என்று அறிய அவர் விரும்பினார். அத்தகைய பொறி அன்று இல்லை. ஆகவே வேறோர் இடத்தில் தட்டச்சர் ஒருவரை மறைவாக அமர்த்தினார். ஒருவர் பேசப் பேச, தட்டச்சர் அடித்த சொற்கள் பேசுபவரின் திரையில் தோன்றின. இல்லாத பொறி இருப்பதுபோல இயங்கியது. இவ்வாய்வு 1983இல் வெளிவந்தது. தோற்பாவைக் கூத்தின் திரைக்குப் பின்னால் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

ஒலிம்பிக் பணியிலும் ஆணைநிரல் எழுதப்படுவதற்கு முன்னரே தாளில் உரையாடல்கள் எழுதப்பட்டன. அயர்லாந்துத் தந்தையொருவர் தம் மகனுக்குச் செய்தி விடுக்கின்றார். முதலில் அந்நாட்டு ஒலிம்பிக் குழுவின் பணியாளர் பேசுகின்றார், பின்னர்ப் பொறி பேசுகின்றது, மகன் கேட்கின்றான். நாடகத்தின் காட்சிபோல அமைந்த இந்தத் தாள்களைப் பலரிடமும் காட்டிக் கருத்துக் கேட்டனர். தாளில் எழுதிய வரியை அடிப்பதற்கு ஒரு பேனா போதும். ஆணைநிரலாகிவிட்ட பின்னரோ அதே வரியை நீக்க எவருக்கும் மனம் வராது.

கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. வீரர்க்கும் அவர்தம் உற்றார்க்கும் தருவதற்கான வழிகாட்டிச் சிற்றேடுகளைக் குழுவினர் பணியின் தொடக்கத்திலேயே எழுதத் தொடங்கினர். இறுதி வடிவம் பெறுமுன் அவை 200 முறைக்கு மேல் திருத்தப்பட்டன. இஃது உரைநடையை மெருகேற்றும் வேலை மட்டுமன்று. ஒரு செயலை எளிய வாக்கியத்தில் விளக்க முடியாது போனால், குற்றம் வாக்கியத்தில் இல்லை, செயலின் அமைப்பிலேயே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். சொல்லைத் திருத்தப் போனவர் பொறியைத் திருத்தித் திரும்புவார். தமிழ்நாட்டில் இன்று பொருள்களோடு வரும் விளக்கத் தாள்களைப் படித்துத் தலையைச் சொறிபவர்கள் இதன் அருமையை நன்கு உணர்வர்.

செய்திக்கூண்டின் வடிவமும் இவ்வாறே உருவாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஆய்வகத்தின் நடைக்கூடத்தில் உள்ளீடற்ற உருளை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினர். அதில் பொறி எதுவும் இல்லை. அவ்வழியே சென்றவர்கள் நின்று பார்த்தனர். அதன் உயரம், முகப்பின் அமைப்பு, வைக்கத்தக்க இடம் என ஒவ்வொன்றைப் பற்றியும் அவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அரங்கேறியதாகவும், அதங்கோட்டாசான் குற்றம் நீங்கக் கேட்டதாகவும் அதன் சிறப்புப் பாயிரம் கூறும். அங்கே குறை கண்டு சொல்லும் உரிமை கற்றறிந்த ஆசானுக்கு உரியது. யார்க்டவுன் நடைக்கூடத்திலோ அது வழிப்போக்கர் எவர்க்கும் இருந்தது. புலமையின் அவை வேறு, புழக்கத்தின் அவை வேறு. பொறியைப் பொறுத்தவரை பின்னதற்கே மதிப்பு மிகுதி.

பின்னர் நடந்த சோதனைகளில் நகைச்சுவையும் கலந்திருந்தது. காப்பியும் டோனட் பலகாரமும் இலவசம் என்று அறிவித்து ஆட்களை வரவழைத்தனர். கணிப்பொறி பயிலும் மாணவர்களை அழைத்து, இவ்வமைப்பை எவ்வாறேனும் சிதைத்துக் காட்டுங்கள் என்று ஒப்படைத்தனர். தன் படைப்பை அழிக்கப் பகைவரை அழைக்கும் துணிவு எழுதுகோல் பிடித்தோர்க்கே அரிது. முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஒருவரும் குழுவோடு இணைந்து கருத்துரைத்தார். இத்தனைக்கும் பிறகு, 65 நாடுகளைச் சேர்ந்த வீரர்கள் கலந்துகொண்ட முன்னோட்டப் போட்டி ஒன்றில் அமைப்பைப் பயன்படுத்தவிட்டபோது, அதுவரை எவர் கண்ணிலும் படாத குறைகள் பல வெளிப்பட்டன. ஆய்வகத்திற்கு வந்தவர்கள் எத்தனை பேராயினும் அவர்கள் அந்த ஊராரே. ஒரு நாட்டார்க்கு இயல்பாகத் தோன்றுவது மற்றொரு நாட்டார்க்கு விளங்காமற் போவதை அக்களமே காட்டிற்று.

போட்டிக் காலத்தையொட்டி நான்கு வாரங்கள் அவ்வமைப்பு இரவு பகலாக இயங்கியது. 40,000 முறைக்கு மேல் பயன்படுத்தப்பட்டது. நான்கு வாரங்களுக்கு 40,320 நிமிடங்கள். சராசரியாக நிமிடத்திற்கு ஒருவர் என்று கணக்காகின்றது.

இம்முறைக்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985இல் எழுதிய கட்டுரையில் மூன்று நெறிகளை வகுத்தனர். பயன்படுத்துவோரைத் தொடக்கத்திலேயே அறிதல், அவர் செயலை அளந்து பார்த்தல், அறிந்ததைக் கொண்டு மீண்டும் மீண்டும் வடித்தல் என்பன அவை. வடிவமைப்பாளர் 447 பேரிடம் தம் பணியின் படிகளை எழுதச் சொன்னபோது, மூன்றாவதைக் குறிப்பிட்டோரே மிகக் குறைவு. முதல் முறையே செம்மையாகச் செய்துவிட்டால் மறுமுறை எதற்கு என்பது அத்துறையினரின் வாதம். காலம் நீளும், செலவு பெருகும் என்றும் கூறினர். அச்சம் முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. முடிவில்லாமல் திருத்திக்கொண்டே இருப்பவன் நூலை வெளியிடுவதே இல்லை. ஆனால் ஒலிம்பிக் குழுவினர்க்கு அந்த வசதி இல்லை. சூலை 28 எவருக்காகவும் காத்திருக்காது. தள்ளிவைக்க முடியாத நாளொன்றை வைத்துக்கொண்டே அவர்கள் 200 முறை திருத்தினர் என்பதே அவ்வாதத்திற்கு மறுமொழி.

இம்முயற்சியின் முழு விவரத்தையும் கூல்ட், பாய்ஸ், லெவி, ரிச்சர்ட்ஸ், ஸ்கூனார்ட் ஆகிய ஐவரும் 1987இல் கட்டுரையாக வெளியிட்டனர். அமைப்பு இயங்கும் விதத்தை விளக்க அதிலும் அவர்கள் எடுத்துக்கொண்டது, அந்த அயர்லாந்துத் தந்தை தம் மகனுக்கு விடுத்த செய்தியைத்தான்.