குழந்தையின் குடல்வால்

1735-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அறுவை நடந்தது. மயக்க மருந்து தோன்றாத காலம் அது. குடலிறக்கத்தைச் சரிசெய்யப் புகுந்த குளோடியஸ் அமியாண்ட் என்னும் மருத்துவர், உள்ளே குண்டூசி துளைத்த குடல்வாலைக் கண்டு அதனை நீக்கினார். சிறுவன் பிழைத்தான். குடல்வால் நீக்கிய முதல் அறுவை என்று வரலாறு கூறுவது இதனையே.

பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் சிறு குழலே குடல்வால். 1871-இல் டார்வின் இதனைப் பயனிழந்த எச்சம் என்று கருதினார். எனினும் குழந்தையோடு இதுவும் வளர்கின்றது. பிறந்த குழந்தையிடம் ஏறத்தாழ 4.5 செ.மீ. நீளமுள்ள இது, வளர்ந்தோரிடம் ஏறத்தாழ 9 செ.மீ. ஆகின்றது. ஒலியலைக் கருவியில் நோக்கும்போது, விட்டம் 6 மி.மீ.க்கு மேற்படின் மருத்துவர் ஐயுறுவர்.

பிறந்த குழந்தையின் குடல்வால் புனல்போல் அடி அகன்றிருக்கும், எளிதில் அடைபடாது. ஆதலின் கைக்குழந்தைகட்கு இந்நோய் அரிது. வளர வளர அடி குறுகுகின்றது. உள்ளேயுள்ள நிணநீர்த் திசுவும் பெருகுகின்றது. அது வீங்கினால் வழி அடைபடும். பத்து வயதிற்குமேல் நோய் மிகுவதற்கு இது ஒரு காரணம். மழலைக்கோ வலியை எடுத்துரைக்கத் தெரியாது. நாம் உணருமுன்னரே குடல்வால் வெடித்துவிடுதல் உண்டு.

1886-இல் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு ஃபிட்ஸ், இந்நோய்க்கு விரைந்த அறுவையே வழி என்று நிறுவினார். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவே இந்நோயால் தள்ளிப்போயிற்று. மருத்துவர் அரண்மனைக்கே சென்று கட்டியை அறுத்துச் சீழை வடித்தார், மன்னர் பிழைத்தார்.

மலையடிவாரக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு ஏது? தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் அறுவை மருத்துவம் நெடுந்தொலைவிலேயே இருந்தது. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே ஒரு குடிசையில் பணி தொடங்கினர். 2008-இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்தது.

மருத்துவமனை அருகில் வந்துவிட்டது. ஆனால் நம் பழைய வழக்கம் இடைநிற்கலாகாது. வயிற்றுவலி என்றதும் விளக்கெண்ணெய் புகட்டுதல் பல இல்லங்களில் உண்டு. குடல்வால் அழற்சியில் பேதி மருந்து, அது வெடிக்கவும் வழி செய்யும். தொப்புளருகே தோன்றி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால், எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள்.