“இங்கே அச்சிடு”: தொலைக்கணினியும் ஓரிடத்தில் நில்லாப் பயனரும்

“இங்கே” என்னும் சொல்லுக்கு நிலையான பொருள் கிடையாது. சொல்பவர் நிற்கும் இடமே அதன் பொருள். இத்தகைய சொற்களைச் சுட்டுச்சொற்கள் என்கிறோம்; தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு எனத் தனியே வகுத்தது. சொல்பவரும் கேட்பவரும் ஒரே இடத்தில் இருக்கும்வரை சுட்டில் குழப்பம் எழுவதில்லை. குரல் மட்டும் தொலைவிலிருந்து வருமானால், “இங்கே வை” என்னும் எளிய கட்டளையைக்கூட நிறைவேற்ற முடியாது. கணினிக்கு இடப்படும் “அச்சிடு” என்னும் கட்டளைக்குள்ளும் இப்படியொரு “இங்கே” மறைந்திருக்கிறது. கணினி ஓரிடத்திலும் மனிதர் வேறிடத்திலும் இருக்கத் தொடங்கிய நாள்முதல், அந்த இங்கே எது என்பதைத் தேடுவதே தொலை அச்சின் வரலாறாக இருந்து வருகிறது.

தொடக்கத்தில் இச்சிக்கல் இல்லை. 1961இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் காலப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். அக்காலத்து முனையங்களுக்குத் திரை கிடையாது, அவை தட்டச்சுப்பொறிகளே. கணினி எங்கிருந்தாலும் அதன் விடை பயனரின் கையருகே உள்ள தாளில் பதிந்தது. 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியில், விடையைக் காட்டும் ஆணைக்கு “பிரிண்ட்” என்று பெயர் அமைந்தது இப்பின்புலத்தில்தான். இன்று பைத்தான் மொழியில் அதே சொல் திரையில் எழுத்தைக் காட்டப் பயன்படுகிறது. பொருள் மாறிய பின்னும் சொல் எஞ்சி நிற்பதற்கு இது நல்ல சான்று.

மிகுதியாக அச்சிட வேண்டியவர்களுக்குக் கணினி அறையில் வரி அச்சுப்பொறி இருந்தது. 1959இல் வெளிவந்த ஐபிஎம் 1403 நிமிடத்திற்கு 600 வரிகளை அச்சிட்டது. ஒரே பொறிக்குப் பலர் போட்டியிட்டதால், வேலைகளை முதலில் வட்டில் சேமித்து, பின் வரிசையாக அனுப்பும் ஸ்பூலிங் முறை பரவியது. அச்சு முடிந்ததும் முகப்புத்தாளில் தம் பெயரைத் தேடிக் கற்றையை எடுத்துச் செல்வது வழக்கமாயிற்று. பொறி மனிதரைத் தேடி வரவில்லை; மனிதர் பொறியைத் தேடிச் சென்றார்.

திரை முனையங்கள் வந்தபின் எழுத்தும் தாளும் பிரிந்தன. 1978இல் டெக் நிறுவனம் விடி100 முனையத்தை வெளியிட்டது. அதன் வழிவந்த விடி102இல் அச்சுப்பொறியை இணைக்கத் தனி முனை இருந்தது. தொலைக்கணினி ஒரு சிறு குறியீட்டுத் தொடரை அனுப்பினால், அதன்பின் வரும் எழுத்துகள் திரைக்குச் செல்லாமல் அருகிலுள்ள அச்சுப்பொறிக்குச் செல்லும். இன்னொரு தொடர் வந்ததும் மீண்டும் திரைக்குத் திரும்பும். பயனர் எங்கிருக்கிறார் என்பதைக் கணினி அறிய வேண்டிய தேவையே எழவில்லை. கம்பி எங்கே முடிந்ததோ அதுவே “இங்கே”.

இதனிடையே, 1971இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சுப்பொறியை உருவாக்கினார். 1980ஐ ஒட்டி எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்கு அத்தகைய பொறி ஒன்று ஜெராக்ஸிடமிருந்து அன்பளிப்பாக வந்தது. பொறி ஓரிடம், பயனர்கள் வேறிடம். தாள் சிக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நெடுநேரம் கழித்து வந்து பார்த்தால் ஒன்றும் அச்சாகியிருக்காது. பழைய பொறியின் மென்பொருளில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு மாற்றம் செய்திருந்தார்: தாள் சிக்கினால், காத்திருப்போரின் திரைகளில் அறிவிப்புத் தோன்றும். புதிய பொறியின் மூலநிரல் கிடைக்காததால் அதில் அவ்வாறு செய்ய இயலவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மூலநிரலை வைத்திருந்த ஆய்வாளரும், வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொடுத்திருந்ததால் தர மறுத்தார். 1983இல் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திற்கான தூண்டுதல்களுள் ஒன்றாக இந்நிகழ்வு அவராலேயே கூறப்படுகிறது. அதன் வேர் ஓர் எளிய தேவையில் இருக்கிறது: தொலைவிலுள்ள பொறி, காத்திருக்கும் மனிதருக்குச் செய்தி சொல்ல வேண்டும்.

1980களில் அச்சுப்பொறிகள் தனித்தனி மொழிகளைப் பேசத் தொடங்கின. எச்பியின் பிசிஎல், 1984இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கணினியின் பக்கத்தைப் பொறியின் மொழிக்குப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளருக்கே “பிரிண்டர் டிரைவர்” என்று பெயர். கணினியும் பொறியும் ஒரே மேசையில் இருந்தவரை இந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கவலை டெர்மினல் சர்வரோடு வந்தது. 1995இல் சிட்ரிக்ஸின் வின்ஃபிரேமும், 1998இல் மைக்ரோசாப்டின் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பும் பழைய காலப்பகிர்வை வரைகலைத் திரையுடன் மீட்டுக் கொண்டுவந்தன. நிரல் தொலைவிலுள்ள சர்வரில் இயங்கும். அதன் காட்சி மட்டும் பயனரின் திரைக்கு வரும். ஆனால் பயனரின் மேசையடியில் அவருக்கென ஓர் அச்சுப்பொறி இருந்தது. விண்டோஸ் 2000உடன் வந்த ஆர்டிபி நெறிமுறை, பயனர் நுழைந்தவுடன் அவருடைய அச்சுப்பொறிகளைச் சர்வருக்குள்ளும் தோன்றச் செய்தது. இதற்கு, அவற்றின் டிரைவர் பெயர்கள் சர்வரிலுள்ள பெயர்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பதிப்பெண் ஒன்று கூடுதலாக ஒட்டியிருந்தாலும் பொறி தோன்றாது. ஆகவே நிர்வாகிகள், “அங்கே இந்தப் பெயர் என்றால் இங்கே அந்தப் பெயர்” எனப் பொருத்தப் பட்டியல் ஒன்றைக் கோப்பில் எழுதிப் பேணினர். செயலளவில் அது ஓர் இருமொழி அகராதி.

பெயர் ஒத்துப்போனாலும் ஆபத்து நீங்கவில்லை. என்டி 4.0இல் டிரைவர்கள் இயங்குதளத்தின் கருவகத்திற்குள் இயங்கின. வீட்டுக்கென ஒருவர் வாங்கிய மலிவான பொறியின் டிரைவர் பிழைபட்டால், முழுச் சர்வரும் விழுந்துவிடக்கூடும். அதில் வேலை செய்துகொண்டிருந்த அனைவரின் சேமிக்காத வேலையும் அதோடு அழியும். ஒரே பயனரை எண்ணி எழுதப்பட்ட மொழிபெயர்ப்பாளரைப் பலருக்கும் பொதுவான அவையில் அமர்த்தியதன் விளைவு இது. விண்டோஸ் விஸ்டாவில்தான் கருவக டிரைவர்களுக்கு முற்றிலும் இடம் மறுக்கப்பட்டது.

பொறிகளுக்கு இடப்பட்ட பெயர்களும் கவனிக்கத்தக்கவை. விண்டோஸ் சர்வர் 2003இல் அச்சுப்பொறியின் பெயரோடு “இன்ன கணினியிலிருந்து, இத்தனையாம் அமர்வில்” என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் தானே சேர்ந்துகொண்டது. நம் இலக்கணப்படி சொன்னால், ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளும் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளும் பெயருக்குள்ளேயே புகுந்துவிட்டன. அமர்வெண் நுழைவுதோறும் மாறக்கூடியது. ஆதலின் பெயரும் மாறியது. நேற்றைய பெயரை நினைவில் வைத்திருந்த மென்பொருள், இன்று அந்தப் பொறியைக் காணாமல் தவித்தது. சுட்டுச்சொல்லை இயற்பெயராகக் கொண்டதன் விலை அது.

மொழிபெயர்ப்புச் சிக்கலுக்குத் தீர்வு பொதுமொழி ஒன்றில் கிடைத்தது. விண்டோஸ் சர்வர் 2008இல் வந்த ஈஸி பிரிண்ட், பக்கத்தை எக்ஸ்பிஎஸ் என்னும் பொது வடிவில், எழுத்துருக்களையும் உள்ளடக்கிப் பயனரின் கணினிக்கு அனுப்பியது. பொறியின் மொழிக்குப் பெயர்க்கும் வேலை பயனரின் பக்கமே நடந்தது. எந்திர மொழிபெயர்ப்பில் ஒவ்வோர் இணைக்கும் தனி விதி எழுதுவதை விட்டு, இடைமொழி ஒன்றின் வழியே செல்லும் முறைக்கு இது நிகரானது.

இவையனைத்தும் பயனர் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார் என்ற எண்ணத்தில் எழுந்தவை. மருத்துவமனை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர் முதல் தளத்தில் தம் அமர்வைத் தொடங்கி, இணைப்பைத் துண்டித்து, மூன்றாம் தளத்தில் வேறொரு முனையத்தில் அதே அமர்வைத் தொடர்கிறார். விண்டோஸில் இயல்பு அச்சுப்பொறி எது என்னும் விவரம் பயனரின் புரொஃபைலில் பதிவாகிறது. அது அவரோடு பயணிக்கிறது. நுழையும்போது இயங்கும் ஸ்கிரிப்ட் மூலம் தளத்திற்கேற்பப் பொறியை மாற்ற முயன்றாலும், துண்டித்த அமர்வை மீண்டும் தொடரும்போது அந்த ஸ்கிரிப்ட் இயங்குவதில்லை. மூன்றாம் தளத்தில் இட்ட கட்டளைக்கு முதல் தளத்தில் தாள் விழுகிறது. நோயாளி ஒருவரின் பரிசோதனை முடிவு, அவ்வழியே செல்லும் எவரும் எடுத்துப் படிக்கும் தட்டில் கிடக்கிறது. இங்கே பிழைபட்டது இயந்திரம் அன்று. நேற்றைய “இங்கே”யை இன்றைக்கும் உண்மை எனக் கொண்ட நினைவே பிழைபட்டது.

முனையத்தின் பெயரையோ ஐபி முகவரியின் எல்லையையோ கொண்டு இடத்தை உய்த்துணரும் முறைகள் வந்தன. இவை அனைத்திற்கும் எந்த முனையம் எந்த அறையில் உள்ளது என்னும் அட்டவணை தேவை. மேசை இடம் மாறினால் அட்டவணை பொய்யாகும். இறுதியில் பல நிறுவனங்கள் வேறு வழியை நாடின. கட்டளை பொது வரிசை ஒன்றில் காத்திருக்கும்; பயனர் எந்தப் பொறியின்முன் நின்று தம் அடையாள அட்டையைக் காட்டுகிறாரோ, அங்கே தாள் வெளிவரும். சர்வர் ஊகிப்பதை நிறுத்தியது. “இங்கே” என்பதைப் பயனரே நேரில் நின்று சொல்கிறார்.

2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்னும் பாதுகாப்புக் குறை, அச்சு வரிசைச் சேவையே ஊடுருவலுக்கு வாயிலாகலாம் எனக் காட்டியது. அதன்பின் டிரைவரை நிறுவும் உரிமை நிர்வாகிகளுக்கு மட்டும் என இயல்பாக வரையறுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் யார், அவரை அவைக்குள் விடுபவர் யார் என்னும் பழைய வினாவே வேறு வடிவில் திரும்பி வந்தது.

அட்டையைக் காட்டும் முறை, தவறான தட்டில் கிடக்கும் தாளைப் பெருமளவு ஒழித்தது. அதே வேளையில், யார், எப்போது, எந்தப் பொறியின்முன் நின்றார் என்பதைப் பதிவு செய்யவும் அது வழிசெய்தது. முகப்புத்தாளில் பெயர் தேடிய காலத்தில் இயந்திரம் பயனரின் இடத்தை அறியவில்லை. அவருடைய மந்தணத்தையும் காக்கவில்லை. இன்று அது மந்தணத்தைக் காக்கிறது. அதற்கு ஈடாக அவர் நிற்கும் இடத்தைக் கேட்டுப் பெறுகிறது. அச்சுப்பொறிகளைப் பேணுவோர் அவ்விவரத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யாரிடம் காட்டலாம் என்பது பொறியியல் மட்டும் விடை சொல்லக்கூடிய வினா அன்று.