கோர்சகோவ் நோய்க்குறித்தொகுதி

கோர்சகோவ் நோய்க்குறித்தொகுதி என்பது உயிர்ச்சத்து பி1 (தயமின்) குறைபாட்டினால் மூளை பாதிக்கப்பட்டு, புதிய செய்திகளை நினைவில் நிறுத்தும் திறன் பெரிதும் குன்றும் நிலையாகும். நீண்டகாலம் மிகுதியாக மது அருந்தியவர்களிடமே இது பெரும்பாலும் காணப்படுகின்றது. உருசிய உளமருத்துவர் செர்கேய் கோர்சகோவ் 1887 முதல் இதனை விவரித்து எழுதினார்.

காரணம்

மூளை குளுக்கோசிலிருந்து ஆற்றலைப் பெறத் தயமின் இன்றியமையாதது. உடலின் தயமின் இருப்பு சில வாரங்களுக்கே போதுமானது. மதுவுக்கு அடிமையானோர் சரிவர உண்பதில்லை. உண்பதிலிருந்தும் குடல் தயமினை உறிஞ்சுவதை மது தடுக்கின்றது. கடுமையான தொடர் வாந்தி, பட்டினி ஆகியவற்றால் மது அருந்தாதவர்களுக்கும் இந்நோய் ஏற்படலாம்.

வெர்னிக்கே நோய்

பெரும்பாலும் இதற்கு முன்னோடியாக அமைவது, 1881இல் செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த கடும் மூளை நோயாகும். மனக்குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு ஆகிய மூன்றும் இதன் அறிகுறிகள். குடிப்பழக்கம் உள்ளவரிடம் முதலிரண்டும் தோன்றினால் அவை போதையாகவே கருதப்பட்டுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் பிணக்கூறு ஆய்வில் நோய் உறுதியான 131 பேரைப் பற்றி 1986இல் வெளியான ஆய்வின்படி, மூன்று அறிகுறிகளும் ஒருங்கே பதிவாகியிருந்தவர்கள் 16 விழுக்காட்டினரே. உயிருடன் இருந்தபோது நோய் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மட்டுமே. ஐயம் எழுந்தவுடனேயே தயமினை ஊசி மூலம் செலுத்தினால் நிலைத்த நினைவிழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலையை மோசமாக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் 1991 முதல் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின்னர் அங்கு இந்நோய் குறைந்தது.

அறிகுறிகள்

நோயாளி தெளிவாக உரையாடுவார். இளமைக்கால நிகழ்வுகளையும் கூறுவார். ஆனால் சற்றுமுன் சந்தித்த மருத்துவரை மீண்டும் புதியவராகவே வரவேற்பார். நினைவின் இடைவெளிகளை நடவாத நிகழ்வுகளால் நிரப்புவதும் உண்டு. இது பொய் அன்று. தாம் கூறுவதை அவர் உண்மை என்றே நம்புகின்றார். தம் மறதியை அவர் பெரும்பாலும் உணர்வதில்லை என்பதால், குடும்பத்தினர் இதனை ஏமாற்று எனத் தவறாகக் கருதுவதுண்டு.

குடிநோய் சிகிச்சையில்

இந்நோய் இல்லாதவர்களிலும் பலருக்கு, குடியை நிறுத்திய முதல் வாரங்களில் கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன் ஆகியன குன்றியிருக்கும். மது அருந்தாதிருந்தால் இவை மாதக்கணக்கில் படிப்படியாகத் தேறக்கூடும். ஆனால் அறிவுரை வழங்கும் அமர்வுகள் பெரும்பாலும் அந்த முதல் வாரங்களிலேயே நடைபெறுகின்றன. கூறியதை மறந்து வருபவர் ஆர்வமற்றவர் என்று முடிவு செய்யப்பட்டுவிடுகின்றார். சுருக்கமாகப் பேசுதல், திரும்பக் கூறுதல், எழுதிக் கொடுத்தல் ஆகியன இவர்களுக்குப் பயன் தருகின்றன.

கோர்சகோவ் நோயாளிகள் ஓரளவு தேறினாலும் முழுமையாகக் குணமடைவோர் சிலரே. எனினும் பழக்கத்தால் கற்கும் திறன் அவர்களிடம் எஞ்சியிருப்பதால், தவறு செய்ய இடமளிக்காமல் ஒரே முறையில் நாள்தோறும் பயிற்றுவித்தால் அன்றாடப் பணிகள் சிலவற்றைக் கற்றுக்கொள்கின்றனர். கற்றுக்கொண்டது அவர்களின் நினைவில் இராது.