அசனம்

தென் தமிழகக் கிறித்தவ ஆலயங்களில் பண்டிகையையொட்டிச் சமைத்துப் பரிமாறப்படும் பொது விருந்து அசனம். உணவைக் குறிக்கும் வடசொல் இது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளில் ‘அசனச் சோறு’ என்றால் பிற சமயத்தாருக்கும் விளங்கும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையிலும் கத்தோலிக்கர் புனிதர் திருவிழாவிலும் அசனம் வைப்பது வழக்கம். புளியம்பட்டி அந்தோனியார் ஆலயத்தில் நேர்த்திக்கடனாகவும் கொடுப்பதுண்டு.

செலவு ஒருவர் தலையில் விழுவதில்லை. அரிசி, ஆடு, தேங்காய், விறகு என்று அவரவருக்கு இயன்றது ஆலயத்துக்கு வந்து சேரும். முந்தின இரவே காய் நறுக்க ஆட்கள் கூடிவிடுவார்கள். வடித்த சோற்றை விரித்த பாயில் குன்றுபோலக் கொட்டி, ஜெபம் செய்த பிறகே பந்தி தொடங்கும். நடக்க மாட்டாத முதியவருக்கும் நோயாளிக்கும் தூக்குவாளியில் சோறும் குழம்பும் வீட்டுக்குப் போகும். பந்திக்கு வர முடியாதவரை மறக்காத இந்தத் தூக்குவாளியில்தான் அசனத்தின் உயிர் இருக்கிறது.

ஆதித் திருச்சபையார் கூடி உண்ட அன்பின் விருந்தோடு அசனத்தை ஒப்பிடலாம். கொரிந்து சபையில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர் பசியோடு நின்றதை அப்போஸ்தலர் பவுல் கடுமையாகக் கண்டித்தார். கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடிவதாகவும் ஏழைகளுக்கு உதவுவதாகவும் அவ்விருந்தை விவரிக்கிறார்.

தமிழ் மண்ணில் ஒரே பந்திக்குக் கனம் அதிகம். யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்பதில்தானே சாதி காலூன்றி நிற்கிறது! சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது தஞ்சாவூர்ச் சபை கொந்தளித்தது. எதிர்த்தவர்களில் புகழ்பெற்ற கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், பிற சாதியார் சமைத்ததை உண்பதையே சாதியை விட்டதற்கு அடையாளமாகக் கேட்டது. உபதேசியார் பலர் உண்ண மறுத்து ஊழியத்தையே விட்டார்கள்.

அந்த வரலாற்றை அறிந்தவருக்கு, ஓர் உலையில் வெந்த சோற்றை எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து உண்பது சாதாரணக் காட்சியல்ல. ஆனாலும், ஒரே சபையைச் சேர்ந்தவர்களுக்குச் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே அசனத்தைப் பொது விருந்து என்று சொல்ல மனம் வரவில்லை.