காலம் மட்டுமா காரணம்?

ஹரி மேனனின் தொழில்வாழ்வை 2011-இல், பிக்பாஸ்கெட்டின் தோற்றத்தோடு தொடங்கிச் சொல்வதே வழக்கம். அது வெற்றிக்கதையாகலாம், வரலாறாக வேண்டுமெனில் 1999-இலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வாண்டு பெங்களூரில் மேனன், வி. எஸ். சுதாகர், கே. வைத்தீஸ்வரன் உள்ளிட்ட அறுவர் ஃபேப்மார்ட் என்னும் இணைய அங்காடியைத் தொடங்கினர். இசைப் பதிவுகளில் தொடங்கி, நூல்களுக்கும் மளிகைக்கும் விரிந்தனர். வீட்டில் இணையமும் கையில் கடன் அட்டையும் உடையோர் மிகச் சிலரே. ஆகவே ஃபேப்மால் என்ற பெயரில் கடைகளும் திறந்தனர். கொள்முதல், சரக்கிருப்பு, அழுகும் காய்கறியால் நேரும் இழப்பு ஆகியவற்றை அக்கடைகளே கற்பித்தன. பின்னர் அவை ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குச் சென்று ‘மோர்’ ஆயின.

எஞ்சிய இணைய வணிகத்தை வைத்தீஸ்வரன் இந்தியாபிளாசா என்ற பெயரில் நடத்தினார். அறுவருள் மேனன் உள்ளிட்ட நால்வர், அபினய் சௌத்ரியைச் சேர்த்துக்கொண்டு பிக்பாஸ்கெட்டை நிறுவினர். முன்னது முதலீடு கிட்டாமல் 2013-இல் மூடப்பட்டது; பின்னதன் பெரும்பான்மைப் பங்கை 2021-இல் டாடா குழுமம் வாங்கியது.

1999-இல் காலம் கனியவில்லை, 2011-இல் கனிந்தது என்பர். எனில், அதே கனிந்த காலத்தில் ஒன்று வளர மற்றொன்று வீழ்ந்தது ஏன்? எப்பொருளை விற்றனர், எவரிடமிருந்து மூலதனம் பெற்றனர், கடைகளில் பெற்ற பட்டறிவு எவருடன் சென்றது என்றே ஆராய வேண்டும்.

வைத்தீஸ்வரன் தம் தோல்வியை 2017-இல் நூலாக எழுதினார். தொழில்முனைவோர் வரலாறு எழுதும் மாணவர், வென்றோரின் நேர்காணல்களுக்கு இணையான சான்றாக அதனையும் கொள்ளுதல் வேண்டும்.